நீட்டுக்கம்பை நுனியிலிருந்து தேர்ந்தெடுங்கள்: கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கான செய்முறை

நீட்டுக்கம்பு, அதாவது குழாய்க்குள் குழாயாக மடங்கி நீளும் கம்பு, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மீட்டர்?" என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கண்ணாடியில் உள்ள நீரை வழித்தெடுக்கும் கருவியான ஸ்க்வீஜியின் ரப்பர் கண்ணாடியை எந்தக் கோணத்தில் தொடப்போகிறது என்பது முதல் கேள்வி. அந்த ஸ்க்வீஜி கம்பின் நுனியில் எப்படிப் பொருந்தி நிற்கும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தபின் நீளம் தானாக வந்துவிடும். நீளத்தில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீண்ட, வளைந்தாடும் கம்பு ஒன்றை வாங்கிவிட்டு, கண்ணாடியில் விழும் கோடுகளுக்கு ரப்பரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ரப்பர் படும் கோணம்

கையில் பிடித்து இழுக்கும்போது ஸ்க்வீஜியின் கைப்பிடி கண்ணாடியிலிருந்து சுமார் 30 முதல் 45 டிகிரி விலகி நிற்கும். மணிக்கட்டு அதை அறியாமலேயே சரிசெய்துகொண்டே இருக்கிறது. கம்பில் மாட்டியதும் மணிக்கட்டின் இந்த வேலை போய்விடுகிறது. தரைக்கு 70 டிகிரியில் கம்பை நிமிர்த்திப் பிடித்தால், செங்குத்தான கண்ணாடிக்கும் கம்புக்கும் இடையே இருப்பது வெறும் 20 டிகிரி. ஸ்க்வீஜி கம்போடு நேர்க்கோட்டில் நின்றால் ரப்பரின் விளிம்பு மட்டும் படாமல், ரப்பர் படுத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வழுக்கிச் செல்லும். இன்னும் நெருங்கி நின்றால் உலோகச் சட்டமே கண்ணாடியைச் சுரண்டும். மெல்லிய நீர்ப்படலம் பட்டையாக விட்டுப்போவதற்கு இதுதான் முதற்காரணம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வரும்போது கம்பு சாய்ந்து கிடைமட்டத்தை நெருங்குகிறது. கோணம் 60 டிகிரியைத் தாண்டுகிறது. அப்போது ரப்பர் வழுக்காமல் தத்தித் தத்தி நகர்ந்து, ஏணிப்படிபோல் குறுக்குக் கோடுகளை விடும். ஒரே இழுப்பில் மேலே பட்டை, கீழே படிக்கோடு என இரண்டும் தெரிந்தால் ரப்பரை மாற்றிப் பயனில்லை. கோணத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே உயரத்தில் வேலை செய்யும் கம்பின் நுனிக்கு வளைவு தேவை. கைப்பிடியிலேயே வளைவுள்ள ஸ்க்வீஜி ஒரு வழி. கம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே பூட்டும் கோண அடாப்டர் இன்னொரு வழி. 70 டிகிரியில் நிற்கும் கம்புக்குக் கண்ணாடிப் பக்கமாக 15 முதல் 20 டிகிரி கூடுதல் வளைவு போதுமானது. ரப்பர் மொத்தம் 35 முதல் 40 டிகிரியில் படும். அதிக வளைவு இருந்தால் இன்னும் நல்லதென்று 40 டிகிரி அடாப்டரை எல்லா இடத்துக்கும் மாட்டிவிடாதீர்கள். கண்ணாடியின் நடுப்பகுதியைத் தாண்டியதும் அது தத்த ஆரம்பிக்கும். தலைக்குச் சற்று மேலே மட்டுமே உள்ள கண்ணாடிக்கு நேர்க் கைப்பிடியே சரி, ஏனென்றால் அங்கே கம்பே போதிய அளவு சாய்ந்துதான் நிற்கிறது.

திருகு வைத்து விரும்பிய கோணத்தில் நிறுத்தும் அடாப்டர் பார்க்க வசதியானது. ஆனால் அதன் பற்கள் தேய்ந்தால் அழுத்தும்போது மெல்ல மடங்கிவிடும். நிலையான கோணத்தில் இரண்டு தனித்தனி அடாப்டர்கள் வைத்திருப்பது, எல்லாக் கோணத்துக்கும் திரும்பும் ஒன்றை வைத்திருப்பதைவிட நம்பகமானது என்பதே எங்கள் கருத்து. பக்கவாட்டில் சுழலும் கைப்பிடி வேறு விஷயம். வளைந்து வளைந்து இழுக்கப் பழகியவர்களுக்கு அது வேண்டும். நேராகக் கீழே இழுப்பவர்கள் அதைப் பூட்டியே வைக்கலாம்.

நுனிப் பொருத்தம்

கம்பின் நுனிகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது வெறும் கூம்பு: மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும், ஸ்க்வீஜி கைப்பிடியின் உட்குழிவில் உராய்வால் இறுகி நிற்கும். இரண்டாவது பட்டன் கூம்பு: அதில் சுருள்வில்லோடு ஒரு சிறு பட்டன் இருக்கும், கைப்பிடியில் உள்ள துளையில் அது வந்து பொருந்தும். மூன்றாவது மரை நுனி: திருகிப் பூட்டும் புரிகள் உள்ளது. கூம்பும் மரையும் ஒன்றாகச் சேர்ந்த நுனிகளும் கிடைக்கின்றன.

வெறும் கூம்பு எல்லா நிறுவனக் கைப்பிடியிலும் ஏறக்குறையப் பொருந்தும் என்பது அதன் பலம். இழுக்கும்போது எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும் என்பது பலவீனம். ஈரமான மரக்கூம்பு ஊதிக் கைப்பிடிக்குள் சிக்கிக்கொள்ளும். காய்ந்ததும் சுருங்கித் தளரும். சிக்கியதைக் கழற்ற சுத்தியலால் தட்டக் கூடாது. முறுக்கியபடியே இழுத்தால் வரும், வராவிட்டால் காயும்வரை காத்திருங்கள். தேய்ந்து தளர்ந்த கூம்பின்மேல் பிவிசி மின்காப்பு டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றலாம். அது அன்றைய வேலையை முடிக்க மட்டும். டேப் ஈரத்தில் நகரும்.

மரை நுனியில் வரும் சிக்கல் எல்லா மரையும் ஒன்றல்ல என்பதுதான். அமெரிக்கத் துடைப்பக் கம்புகளிலும் பெயின்ட் அடிக்கும் கம்புகளிலும் காணப்படுவது முக்கால் அங்குல ஆக்மி மரை: வெளிவிட்டம் சுமார் 19 மி.மீ., ஓர் அங்குலத்தில் 5 புரிகள், அதாவது புரிக்குப் புரி 5.08 மி.மீ. ஐரோப்பிய, இத்தாலிய மரைகளின் அளவுகள் வேறு. கடைக்காரர் "பொருந்தும்" என்று சொன்னாலும், வெர்னியர் காலிப்பரால் வெளிவிட்டத்தை அளந்து, 25.4 மி.மீ. நீளத்தில் எத்தனை புரி என்று எண்ணிப் பாருங்கள். கருவி கையில் இல்லையென்றால் விரல் சோதனை போதும்: பிளாஸ்டிக் உறையை விரல்களால் மட்டும் திருகினால் குறைந்தது நான்கு முழுச் சுற்று தடையில்லாமல் ஏற வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் மரை வேறு. அதற்கு மேல் பலத்தால் திருகினால் பிளாஸ்டிக் மரை அழியும், பிறகு சரியான கம்பிலும் அது நிற்காது.

மரை சரியாகவே பொருந்தினாலும் ஸ்க்வீஜிக்கு அது தனியாகப் போதாது. பெயின்ட் ரோலர் உருளும்போது கம்பை அதிகம் முறுக்காது, ஸ்க்வீஜி அப்படியல்ல. அதை இடமும் வலமும் திருப்பும்போது ஒரு திசை மரையை இறுக்கும், மறுதிசை தளர்த்தும். பெயின்ட் கம்பை ஜன்னல் வேலைக்கு மாற்றுகிறவர்கள் மரையின்மேல் பட்டன் கூம்பு அடாப்டரைத் திருகி, அந்த அடாப்டர் தளராதபடி குறுக்கே ஒரு திருகாணி வைத்துவிட வேண்டும்.

கைப்பிடியில் பட்டன் துளை போடுவது

உங்களிடம் பட்டன் கூம்புள்ள கம்பு இருக்கிறது, ஆனால் பழக்கப்பட்ட ஸ்க்வீஜி கைப்பிடியில் துளை இல்லை. கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் கால் மணி நேர வேலை.

1. பட்டனை விரலால் அமுக்கியபடி கைப்பிடியைக் கூம்பில் இறுக்கமாக ஏற்றுங்கள். ரப்பர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், துளை போட்டபின் அதுவே நிலையான திசை. கைப்பிடியின் வாய் கூம்பில் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். பட்டன் இருக்கும் பக்கத்தையும் கைப்பிடியின் வெளியே குறித்துக்கொள்ளுங்கள்.

2. கைப்பிடியைக் கழற்றி, கோட்டிலிருந்து பட்டனின் நடுப்புள்ளிவரை அளந்து, அதே தூரத்தைக் கைப்பிடியின் வாயிலிருந்து வெளிப்புறம் குறியுங்கள். இந்தத் தூரம் 10 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவிடுங்கள். வாய்க்கு அவ்வளவு பக்கத்தில் துளைத்தால் ஒருநாள் அங்கேயே உடையும்.

3. முதலில் 2 மி.மீ. துளை. பிறகு பட்டனின் விட்டத்தைவிட அரை மி.மீ. பெரிய துளை. டிரில் மெதுவாகச் சுழலட்டும். வேகமாகச் சுழன்றால் பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் தடிக்கும்.

4. உள்ளேயும் வெளியேயும் உள்ள பிசிறைக் கத்தியால் சீவி, மாட்டிப் பாருங்கள். பட்டன் சிக்கினால் வட்ட அரத்தால் துளையை ரப்பர் இருக்கும் பக்கமாக மட்டும் நீட்டுங்கள். வாய்ப்பக்கம் நீட்டினால் பட்டன் பிடித்த பிறகும் கைப்பிடி ஆடிக்கொண்டே இருக்கும்.

5. காலால் கம்பை மிதித்துக்கொண்டு கைப்பிடியை இரு கையாலும் பலமாக இழுங்கள். இங்கே கழன்றால் மேலேயும் கழலும்.

துளைப்பது எப்போதும் கைப்பிடியில்தான். கம்பின் கூம்பைத் துளைத்தால் நீங்கள் மாட்டும் ஒவ்வொரு கருவியும் அந்தப் பலவீனத்தைச் சுமக்கும். உலோகக் கைப்பிடியென்றால் துளைப்பதற்குப் பதிலாக வேறு கைப்பிடி வாங்குவது மலிவு. எந்தப் பொருத்தமானாலும், ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே வேலை என்றால் 3 மி.மீ. பின்னல் கயிறு ஒன்றைக் கைப்பிடியிலிருந்து கம்பின் முதல் பூட்டுக்குக் கீழேவரை கட்டிவிடுங்கள். கழன்றாலும் தொங்கும், விழாது. கீழே தடுப்பு வைப்பதற்கு இது மாற்றில்லை, இரண்டும் வேண்டும்.

இப்போது நீளம்

கணக்கு எளிது. கண்ணாடியின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் 1 மீட்டரைக் கழியுங்கள். கீழ்க்கை இருப்பது அந்த உயரத்தில். மீதியை 0.94ஆல் வகுத்தால் 70 டிகிரியில் தேவையான மொத்த நீளம் வரும். அதில் ஸ்க்வீஜியின் நீளம் சுமார் 20 செ.மீ.யைக் கழியுங்கள். மேல்விளிம்பு 5 மீட்டரில் என்றால் 4 வகுத்தல் 0.94, சுமார் 4.25 மீட்டர், ஸ்க்வீஜி போகக் கம்பு 4.05 மீட்டர். நீங்கள் சுவரிலிருந்து ஏறக்குறைய 1.45 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். மனக்கணக்காக வேண்டுமென்றால் "உயரத்தில் ஒரு மீட்டர் குறைவு" என்று வைத்துக்கொள்ளலாம். 6 மீட்டருக்கு மேல் மட்டும் இன்னொரு 20, 30 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்க்கைக்கும் கீழே பிடிமானத்துக்காக 20 செ.மீ. கம்பு இருந்தால் நல்லது.

செடிவரிசையோ படிக்கட்டோ குறுக்கே வந்து சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும் என்றால் கணக்கு மாறும். அதே 5 மீட்டர் கண்ணாடிக்கு மொத்த நீளம் 4.7 மீட்டர் ஆகிறது, கம்பு 58 டிகிரிக்குச் சாய்கிறது. நீளம் அரை மீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் ரப்பரின் கோணம் 12 டிகிரி மாறிவிட்டது. இங்கே அடாப்டர் வளைவைக் குறைக்க வேண்டும்.

ஏன் தேவைக்கு மேல் நீளம் வேண்டாம் என்கிறோம்? ஒரே கனமுள்ள குழாயின் நுனியில் ஒரே பாரத்தை வைத்தால், வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்கு. குழாயின் சொந்த எடையால் வரும் தொய்வு அதைவிட வேகமாக, 16 மடங்காகக் கூடும். மாறாக, சுவர்க்கனம் அதேயாக இருக்க, குழாயின் விட்டத்தை 25 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ.க்கு மாற்றினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. எனவே இரண்டு கம்புகளுக்கு இடையே தயங்கும்போது நுனிக்குழாயின் விட்டத்தைப் பாருங்கள். ஆறு மீட்டர் என்று பெட்டியில் எழுதியிருந்தும் நுனிக்குழாய் விரல் தடிமனில் இருந்தால், அந்தக் கடைசி ஒன்றரை மீட்டர் விளம்பரத்துக்காக இருப்பது.

கண்டங்களின், அதாவது கம்பில் உள்ள குழாய்த் துண்டுகளின், எண்ணிக்கையும் முக்கியம். தலா 2 மீட்டரில் மூன்று குழாய்கள் உள்ள கம்பு 6 மீட்டர் நீளாது. ஒவ்வொரு இணைப்பிலும் குறைந்தது 20 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும் என்பதால் அது 5.6 மீட்டர்தான். அதே நீளத்தை ஐந்து கண்டங்களில் செய்தால் மடக்கியபின் வண்டியில் எளிதாக நுழையும். ஆனால் பூட்டுகள் நான்காகின்றன, எடை கூடுகிறது, ஒவ்வொரு பூட்டிலும் சிறு ஆட்டம் சேர்ந்து நுனியில் பெரிதாகத் தெரியும். தினமும் தரைத்தளமும் முதல் மாடியும் செய்கிறவருக்கு 1.2 மீட்டரில் ஒன்று, 2.5 முதல் 3 மீட்டரில் ஒன்று, 5 மீட்டருக்குச் சற்று மேல் ஒன்று என மூன்று கம்புகள் சரியான தொகுப்பு. பெரிய கம்பை மடக்கிச் சிறு வேலைக்குப் பயன்படுத்தினால் அதன் முழு எடையும் கையில்தான் இருக்கும்.

அலுமினியம், ஃபைபர் கிளாஸ், கார்பன்

அலுமினியம் மலிவு, விறைப்பு, அடிபட்டால் நசுங்கும். நசுங்கிய இடத்தில் உட்குழாய் சிக்கும், அதைத் தட்டி நிமிர்த்துவது நடக்காத காரியம். 3 மீட்டர்வரை இதைவிட நல்ல தேர்வு இல்லை. ஃபைபர் கிளாஸ் அடி தாங்கும். ஆனால் கனம், நெளிவும் அதிகம். வெயிலில் பல மாதம் கிடந்தால் மேற்பூச்சு உதிர்ந்து இழைகள் கையில் குத்தும். கார்பன் ஃபைபர் மிக இலகு, மிக விறைப்பு. 4 மீட்டருக்கு மேல் கை உடனே வித்தியாசத்தை உணரும். அதன் பகை பக்கவாட்டு நசுக்கல்: ஏணியின் விளிம்பில் சாய்த்துவைப்பது, வண்டிக் கதவில் சிக்குவது, கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்குவது.

மின்சாரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: உலோகம் இல்லாததால் கார்பன் பாதுகாப்பானதாம். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். ஃபைபர் கிளாஸ் காய்ந்திருக்கும்போது கடத்தாது, ஆனால் சோப்புநீர் வழியும் கம்பு காய்ந்த கம்பல்ல. ஆகவே எந்தக் கம்பானாலும் நீட்டுவதற்கு முன் மேலே பாருங்கள். முழுதாக நீண்ட கம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் வராத இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். அது குறைந்தபட்சம், உயர் அழுத்தக் கம்பியென்றால் இடைவெளி இன்னும் கூடுதலாக வேண்டும்.

பூட்டுகள், அவை வழுக்கும் காரணம்

முறுக்குப் பூட்டில் உட்குழாயின் அடியில் மையம் விலகிய ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். முறுக்கும்போது அது ஒரு பக்கமாகத் தள்ளி வெளிக்குழாயின் சுவரில் இறுகும். இது முழுக்க உராய்வை நம்பியது. சோப்புநீர் உள்ளே போனால் வழுக்கும், மணல் போனால் சுரண்டும். பலர் செய்யும் தவறு, இறுகாத பூட்டுக்கு எண்ணெய்த் தெளிப்பான் அடிப்பது. அதற்குப்பின் அது ஒருபோதும் பிடிக்காது. சரியான வழி: உட்குழாயை வெளியே உருவி, இரண்டையும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, பளபளப்பேறிய பிளாஸ்டிக் துண்டை 180 எண் உப்புத்தாளால் நாலைந்து தேய்ப்பு தேய்த்து மங்கலாக்குவது. அதன் பிறகும் வழுக்கினால் துண்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

வெளிக் கிளாம்ப்பில் நெம்புகோலை மடக்கினால் வளையம் குழாயை இறுக்கும். இதன் நன்மை, பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். தளர்ந்தால் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பிச் சோதியுங்கள், பிறகு இன்னொரு கால் சுற்று. ஒரு விரலால் மடக்க முடிவது தளர்வு. இரு கைகளும் தேவைப்படுவது மிகை. கட்டைவிரலும் உள்ளங்கையும் போதும் என்ற அளவே சரி.

வட்டக் குழாய்களில் முறுக்குப் பூட்டு இருந்தால் இன்னொரு தொல்லை: ஸ்க்வீஜியைத் திருப்பக் கம்பை முறுக்கும்போது பூட்டே திறந்துகொள்ளும். குழாயின் நெடுக வரிப்பள்ளம் உள்ளவை, பலகோண வடிவிலானவை, ஒருபக்கம் தட்டையானவை இந்தத் தொல்லை தராது. ஸ்க்வீஜி வேலைக்கென்றே வாங்கும்போது விலை சற்றுக் கூடுதலானாலும் இந்த வடிவக் குழாயைத் தேர்ந்தெடுங்கள். டி-பாருக்கு (துணியுறை மாட்டிக் கண்ணாடியை ஈரப்படுத்தும் T வடிவக் கருவி) மட்டும் வட்டக்குழாய் போதும்.

கடையில் கம்பை முழுதாக நீட்டிப் பூட்டி, தரையில் ஊன்றி, மேலிருந்து உடலின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். பூட்டு இறங்கக் கூடாது. பிறகு 70 டிகிரியில் தூக்கி, நுனியை இடவலமாக அரையடி அசைத்து நிறுத்துங்கள். கை நின்றபிறகும் நுனி மூன்று நான்கு முறை ஊசலாடினால் அந்த நீளம் உங்களுக்குப் பயன்படாது. முழுதாக நீட்டிய கம்பைக் கிடைமட்டமாகப் பிடித்துச் சோதிக்க வேண்டாம். 4 மீட்டர் நுனியில் உள்ள 300 கிராம், கையிலிருந்து 40 செ.மீ. தள்ளி 3 கிலோவைத் தாங்குவதற்குச் சமமான சுமை. மணிக்கட்டும் இணைப்பும் இரண்டும் கெடும்.

பழைய கம்பைத் திருத்துவது

நுனி உடைந்த அலுமினியக் கம்பைத் தூக்கிப்போட வேண்டாம். பழைய ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிட்டுத் தண்டை உள்ளே தள்ளினால் நுனி கழலும். புதிய நுனியை அதே ஆழத்தில் செருகி, 4.1 மி.மீ. துளையில் 4 மி.மீ. அலுமினிய ரிவெட் இரண்டை எதிரெதிராக அடியுங்கள். ஈரம் படும் இடத்தில் அலுமினியக் குழாயோடு ஸ்டீல் ரிவெட் சேர்ந்தால் ரிவெட்டைச் சுற்றி அலுமினியம் அரிக்கும்.

கார்பன் கம்பில் ரிவெட் வேண்டாம். நுனிக்கு அருகே துளைத்தால் இழைகள் அங்கிருந்து பிளக்கும். அலுமினியம் நேராகக் கார்பனைத் தொட்டபடி ஈரத்தில் இருந்தாலும் அரிப்பு வரும். குழாயின் உட்புறத்தையும் நுனியின் வெளிப்புறத்தையும் 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு பாக எபாக்ஸியை மெல்லிய சீரான படலமாகப் பூசி, முறுக்கியபடி செருகி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். கூம்பு நேராக நிற்கிறதா என்பதை எபாக்ஸி இறுகும் முன் இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவிடுங்கள்.

நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் அலுமினியத்தைக் குழாய் வெட்டியால் வெட்டலாம். அது விளிம்பை உள்நோக்கி நசுக்கும் என்பதால் அரத்தால் உள்விளிம்பைச் சரிசெய்யாவிட்டால் உட்குழாய் நுழையாது. கார்பனை வெட்டும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய பல்லுள்ள ஹேக்ஸா பிளேடால், ஒரே பக்கமிருந்து அறுக்காமல் குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுங்கள். வெட்டுமுனையைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தால் தூள் பறக்காது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். வெட்டிய விளிம்பில் எபாக்ஸி தடவி மூடாவிட்டால் நீர் இழைகளுக்குள் இறங்கும். வெளிக் கிளாம்ப் உள்ள கம்பை அடிப்பக்கத்தில் மட்டும் வெட்டுங்கள். நுனிப்பக்கம் வெட்டினால் பூட்டின் இடமும் நிறுத்தக் குறியும் தவறிவிடும். குறைத்தபின் 20 செ.மீ. உள்ளிருப்புக்குப் புதிதாகக் குறி போடவும் மறக்காதீர்கள்.

கம்பின் வழியாகத் தண்ணீர் முழங்கைவரை வழிவது எல்லோருக்கும் உள்ள தொந்தரவு. நுனியிலிருந்து 30 செ.மீ. கீழே மைக்ரோஃபைபர் துணிப்பட்டை ஒன்றை வளையமாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டால் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். அரைமணிக்கு ஒருமுறை பிழிந்தால் போதும். மேல்பூட்டுக்குள் நீர் இறங்குவதும் இதனால் குறையும்.

கம்பில் இழுப்பது

கம்புக்கு அகல ஸ்க்வீஜி வேலையைக் குறைக்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. 90 செ.மீ. அகலக் கண்ணாடியை 45 செ.மீ. ஸ்க்வீஜியால் 4 செ.மீ. மேற்படிய இழுத்தால் இரண்டு இழுப்பில் 86 செ.மீ.தான் முடியும், மூன்றாவது இழுப்பு எப்படியும் வேண்டும். 35 செ.மீ. ஸ்க்வீஜியும் மூன்றே இழுப்பில் முடிக்கும், நுனியில் எடையும் குறைவு. ரப்பர் சட்டத்தின் இருபுறமும் 2 முதல் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், அது நகராதபடி முனைக் கிளிப் இருக்க வேண்டும். கையில் வேலை செய்யும்போது ஓரளவு தாங்கும் பழைய ரப்பர் கம்பில் தாங்காது. புதியதைக் கம்புக்கும், அது மழுங்கியபின் கைக்கும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

10 லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மி.லி. பாத்திரம் துலக்கும் திரவம். டி-பாரின் துணியைப் பாதி பிழிந்து மாட்டுங்கள். சொட்டச் சொட்ட ஏற்றினால் நுனி கனக்கும். மேல்விளிம்பை ஓரமாகத் தேய்த்துவிட்டு, முதலில் மேலே உள்ள 2 செ.மீ. பட்டையைக் கம்பில் மாட்டிய துணியால் உலர்த்துங்கள். ஈரத்தில் தொடங்கினால் ரப்பர் அங்கேயே சொட்டு விடும். பிறகு ரப்பரைச் சற்றே சாய்த்து, தாழ்ந்த முனை ஈரப்பக்கம் இருக்கும்படி நேராகக் கீழே இழுங்கள். மேல்கை வழிகாட்டவும் கீழ்க்கை அழுத்தத்தைக் கூட்டிக்குறைக்கவும் இருக்கிறது; இரண்டுக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால் நுனி சொன்ன பேச்சைக் கேட்கும். இறங்க இறங்கப் பின்னால் அடியெடுத்து வையுங்கள். கழுத்து வலித்தால் சுவருக்கு மிக நெருங்கி நிற்கிறீர்கள்.

முழு நீளமும் தேவையில்லாதபோது மெல்லிய நுனிக்குழாயை உள்ளேயே விட்டுத் தடித்த குழாய்களை நீட்டுங்கள்; விறைப்பு கூடும். முழுதாக நீட்டும்போது மட்டும் மெல்லியதை முதலில் நீட்டிப் பூட்டி, பிறகு அடுத்ததை மேலே தள்ளினால் பூட்டுகள் எப்போதும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்.

6, 7 மீட்டருக்கு மேல் ஸ்க்வீஜியைக் கட்டுப்படுத்துவது வீண் போராட்டம். அங்கே பிரஷ்ஷும் தூய நீரும் ஏற்றும் கம்புதான் வேலைக்காகும். அந்த நீரில் கரைந்த உப்பு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் காட்டினால் காய்ந்தபின் வெண்புள்ளிகள் எதிர்பார்க்கலாம். ஸ்க்வீஜிக் கம்பிலேயே குழாயைக் கட்டி இந்த வேலைக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: மாற்றலாம், ஆனால் 4 மீட்டருக்குள் மட்டும். அதற்கு மேல் நீர் நிறைந்த குழாயின் எடையும் பிரஷ்ஷின் உராய்வும் சேர்ந்து பூட்டுகளை இறக்கிவிடும்.

வேலை முடிந்ததும் கம்பை மடக்கும் முன் ஒவ்வொரு குழாயையும் ஈரத்துணியால் துடையுங்கள். மணல்துகள் பூட்டுக்குள் போவது மடக்கும்போதுதான், நீட்டும்போது அல்ல. அடிமூடியைக் கழற்றி, நுனி மேலே இருக்கும்படி நிறுத்திவைத்தால் உள்ளே போன நீர் இரவுக்குள் வடிந்துவிடும்.